யார் சொன்னால் தலைவர் காதில் விழும்?

1964 அக்டோபர் மாதக் கடைசியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குப் போனார். அமுல் கூட்டுறவின் கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்க வேண்டும். விழா மறுநாள்தான். முந்தைய இரவைச் சாதாரண விவசாயி ஒருவரின் வீட்டில் கழிக்க விரும்புவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனந்த் நகரை அடுத்த அஜர்புரா என்ற சிற்றூரில் ஒரு குடும்பத்தோடு தங்கினார். ஊர்க்காரர்களோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அமுலை நடத்திவந்த வர்கீஸ் குரியனிடம் அவர் கேட்ட கேள்வியைக் குரியன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த மண்ணில் தனிச்சிறப்பு எதுவும் தெரியவில்லை, மழையும் மற்ற இடங்களைப் போலத்தான், எருமைகளும் நாட்டிலேயே சிறந்தவை அல்ல. பிறகு ஏன் இங்கே மட்டும் பால்பண்ணை தழைக்கிறது, அரசு நடத்தும் பண்ணைகள் ஏன் நொடிந்துபோகின்றன? குரியன் ஒரே ஒரு வேறுபாட்டைச் சொன்னார். இது விவசாயிகளுக்குச் சொந்தமானது, நான் அவர்களுடைய ஊழியன் என்றார். அடுத்த ஆண்டே, 1965இல், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பிறந்தது. அதன் தலைமையகம் தில்லிக்குப் போகவில்லை, ஆனந்திலேயே அமைந்தது.

பிறருடைய அனுபவத்திலிருந்து தலைமையைக் கற்பது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. நாட்டின் பிரதமர் கோப்புகளை வரவழைத்துப் படித்திருக்கலாம், நிபுணர் குழு அமைத்திருக்கலாம். அவர் போய் உட்கார்ந்து கேட்டார். அதுவும் 'எப்படிச் செய்தீர்கள்' என்று அல்ல, 'ஏன் இங்கே மட்டும்' என்று கேட்டார். தன்னைவிட மேலே இருப்பவர் யாரும் அந்த ஊரில் இல்லை; கீழே இருப்பவர்களிடமிருந்துதான் அவருக்குப் பதில் கிடைத்தது.

தலைமையைப் பிறரிடமிருந்து கற்க முடியுமா, முடியுமென்றால் யாரிடமிருந்து, எந்த வடிவில்? இந்தக் கேள்விக்கு இலக்கியம், மேலாண்மை, உளவியல், விமானப் போக்குவரத்து, கிராம நிர்வாகம் என்று பல திசைகளிலிருந்து பதில்கள் வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: அறிவுரைக்கு உலகில் என்றும் பஞ்சமில்லை. அது தலைவரின் காதுக்குப் போய்ச் சேரும் பாதைதான் அடைபட்டுக் கிடக்கிறது.

நம்முடைய பழைய நூல்களுக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரிந்திருந்தது. திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனித்தால் போதும். 39ஆம் அதிகாரமான இறைமாட்சி அரசனை நம்முன் நிறுத்துகிறது. ஆராய்ந்து செயலில் இறங்குவதைப் பேசும் தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். இடையில் ஏழு அதிகாரங்கள்: கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை. அரசன் ஒரு காரியத்தில் கைவைக்கும் முன் எழுபது குறள் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. கல்விக்குத் தனி அதிகாரம் இருக்கும்போதே கேள்விக்கும் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. படித்துத் தெரிந்துகொள்வதும் ஒருவர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதும் வள்ளுவருக்கு ஒன்றல்ல. பெரியாரைத் துணைக்கோடலில் துணை என்று சொல்லப்படுபவர் புகழ்ந்து பேசுபவர் அல்லர். தவறு கண்டால் கடிந்து சொல்பவர்.

சங்கப் புலவர்கள் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். அரசனுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே புறப்பொருளில் செவியறிவுறூஉ என்று ஒரு துறை இருக்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையை யானையையும் நெல்வயலையும் காட்டிப் பிசிராந்தையார் விளக்கிய புறநானூற்றுப் பாடல் அந்தத் துறையைச் சேர்ந்தது. அரசனைத் திருத்துவதற்கு மரபிலேயே ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் தனிப்பட்ட துணிச்சலை நம்பி அதை விட்டுவிடவில்லை. இந்த நுட்பத்தை இருபதாம் நூற்றாண்டின் விமானப் பாதுகாப்புத் துறை எத்தனை உயிர்களைக் கொடுத்து மறுபடி கண்டுபிடித்தது என்று பின்னால் பார்ப்போம்.

நம் காலத்துக்கு அருகில் காமராஜரும் சத்தியமூர்த்தியும் இருக்கிறார்கள். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940இல் காமராஜர் தலைவரானார். அவரை வளர்த்த சத்தியமூர்த்தியே அவருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார். குரு என்பவர் மேலிருந்து சொல்பவராகவே கடைசிவரை இருக்க வேண்டியதில்லை. 1954இல் முதலமைச்சரானபோது காமராஜர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கட்சித் தலைமைக்கான போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும் அவருக்குத் துணைநின்ற எம்.பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது. பெருந்தன்மை என்று இதைப் புகழ்வது வழக்கம். எனக்கு இது அதைவிட நடைமுறை சார்ந்ததாகத் தோன்றுகிறது. தம்மிடம் மாறுபட்டுப் பேசக்கூடிய இரண்டு பேரை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்.

இன்றைக்குத் தலைமை கற்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் போவது புத்தகக் கடைக்கு. அங்கே நிற்கும் நூல்களில் பெரும்பகுதி வென்றவர்களின் கதை. அமெரிக்காவில் இந்த வகை நூல்களுக்குப் பெரிய சந்தையை உருவாக்கியது 1982இல் பீட்டர்ஸும் வாட்டர்மனும் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்'. 43 சிறந்த நிறுவனங்களை எடுத்து அவற்றின் பொதுக் குணங்களைப் பட்டியலிட்டது அது. இரண்டே ஆண்டுகளில் பிசினஸ் வீக் இதழ், அந்தச் சிறந்த நிறுவனங்களில் எத்தனை தடுமாறிக்கொண்டிருக்கின்றன என்று அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. 2001இல் ஜிம் காலின்ஸ் 'குட் டு கிரேட்' எழுதினார். 1,435 நிறுவனங்களைச் சலித்து 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலாகி, மறு ஆண்டு கடையை மூடியது. இன்னொன்றான ஃபேனி மே அதே 2008இல் அமெரிக்க அரசின் கைக்குப் போனது.

இந்த ஆசிரியர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, உழைத்து எழுதியவர்கள். சிக்கல் முறையிலேயே இருக்கிறது. ஒரு நிறுவனம் லாபத்தில் ஓடும்போது அதன் தலைவரின் பிடிவாதத்தை உறுதி என்று சொல்கிறோம். நஷ்டத்தில் விழுந்தால் அதே பிடிவாதத்தை அகங்காரம் என்கிறோம். பில் ரோசன்ஸ்வைக் 2007இல் 'தி ஹாலோ எஃபெக்ட்' நூலில் இந்த மயக்கத்தைப் பிரித்துக் காட்டினார். முடிவு தெரிந்த பிறகு காரணங்களைத் தேடினால், வென்றவர் செய்ததெல்லாம் காரணமாகவே தெரியும். அதே காரியங்களைச் செய்து தோற்றவரிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

அமெரிக்காவின் கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையத்தைச் சேர்ந்த மெக்கால், லம்பார்டோ, மாரிசன் மூவரும் வேறொரு வழியில் போனார்கள். 1988இல் வெளியான அவர்களுடைய நூல், 'உங்களை மாற்றிய நிகழ்வுகள் எவை, அவற்றிலிருந்து என்ன கற்றீர்கள்' என்று நிறுவன அதிகாரிகளிடம் நேராகக் கேட்டதன் விளைவு. வகுப்பறைக்கு அங்கே சிறிய இடம்தான் கிடைத்தது. கடினமான வேலை, அடி விழுந்த தருணம், மேலதிகாரிகள் என்று பதில்கள் குவிந்தன. நல்ல மேலதிகாரி மட்டும் ஆசிரியராக இருக்கவில்லை. மோசமானவரிடமிருந்தும் எப்படி இருக்கக் கூடாது என்று கற்றதாகப் பலர் சொன்னார்கள். இந்த வகை ஆய்விலிருந்துதான் 70-20-10 என்ற விகிதம் பயிற்சி வகுப்புகளில் பரவியது: எழுபது பங்கு வேலையில், இருபது பங்கு பிறரிடமிருந்து, பத்து பங்கு வகுப்பில். மனிதர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்னதை இத்தனை துல்லியமான எண்ணாக மாற்றியதை நான் ஏற்கவில்லை. ஆனால் அது காட்டும் திசை சரி.

சரி, பிறர் சொல்வதை நாம் எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறோம்? ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் இலான் யானிவ், 2000இல் க்ளைன்பெர்கருடன் வெளியிட்ட ஆய்விலும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் இதைச் சோதித்தார். முறை எளிமையானது. ஒரு கேள்விக்கு ஒருவர் மதிப்பீடு சொல்கிறார், பிறகு இன்னொருவரின் மதிப்பீட்டைக் காட்டுகிறார்கள், விரும்பினால் தன் விடையை மாற்றிக்கொள்ளலாம். இருவர் சொன்னதற்கும் நடுவில் போய் நின்றாலே பொதுவாகத் துல்லியம் கூடும். ஆனாலும் மனிதர்கள் தங்கள் பக்கமே சாய்கிறார்கள். யானிவ் இதற்குத் தந்த விளக்கம்தான் எனக்குப் பிடித்தது. தலைக்கனம் என்று அவர் சொல்லவில்லை. என் கருத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் எனக்குத் தெரியும். உங்கள் கருத்துக்குப் பின்னால் இருப்பவை எனக்குத் தெரியாது. அதனால் என்னுடையதே கனமாகப் படுகிறது.

இதை ஒத்துக்கொண்டால் அறிவுரை சொல்லும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். 'எல்லோரையும் அரவணைத்துப் போ' என்று முடிவை மட்டும் கையில் கொடுத்தால் அது எடையில்லாமல் பறந்துவிடும். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், எந்தக் கூட்டத்தில் யாரை விட்டுவிட்டுப் போனேன், அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று காரணத்தோடு சொன்னால்தான் கேட்பவர் மனத்தில் அது தங்கும்.

இன்னொரு கசப்பான ஆய்வும் இருக்கிறது. 2011இல் கெல்லி சீ உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், அதிகாரம் கூடக்கூட ஒருவர் தன் முடிவில் கொள்ளும் நம்பிக்கை கூடுகிறது, பிறர் சொல்லை எடுத்துக்கொள்வது குறைகிறது, துல்லியமும் குறைகிறது என்று காட்டினார்கள். பிறரிடமிருந்து கற்கும் தேவை யாருக்கு மிக அதிகமோ அவருக்கே கற்கும் திறன் குறைந்துகொண்டு போகிறது. தலைவர் நல்லவராக இருந்தால் போதும் என்று சும்மா இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை உயிர்ச்சேதத்தோடு கற்ற துறை விமானப் போக்குவரத்து. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில் மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். மேலெழும்ப ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்ல. அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் பிரிவின் தலைவர். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, மற்றொரு விமானமான பான் ஆம் ஓடுதளத்தைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 ஒன்று சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. இறங்கு சக்கரத்தில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம். தலைமை விமானியின் கவனம் முழுக்க அதில். எரிபொருள் குறைந்துகொண்டே போவது உடனிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜாடையாகச் சொன்னார்கள், கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். விசாரணை செய்த வாரியம், தலைமை விமானிகளுக்குக் கேட்கவும் மற்றவர்களுக்கு உரக்கச் சொல்லவும் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1979இல் நாசா இதற்கென்றே ஒரு கருத்தரங்கம் கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. விமானி அறையில் யார் கண்ணில் தவறு பட்டாலும் அதைச் சொல்வது மரியாதைக் குறைவல்ல, அவருடைய வேலை என்று ஆக்கினார்கள். செவியறிவுறூஉ துறையை விமானி அறைக்குள் கொண்டுவந்ததாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பயிற்சிக்குச் சோதனை 1989 ஜூலை 19 அன்று வந்தது. யுனைடெட்டின் டிசி-10 விமானத்தில் வால் பகுதி இஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. இப்படி ஒரு நிலைமைக்குக் கையேட்டில் வழி எதுவும் இல்லை. பயணியாக வந்துகொண்டிருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி உதவ முன்வந்தபோது, தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் அவரை உள்ளே அழைத்து, மிஞ்சியிருந்த இரண்டு இஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். நால்வரும் பேசிப் பேசியே விமானத்தை சூ சிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். ஓடுதளத்தில் அது உடைந்து தீப்பிடித்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். எல்லோருமே போயிருக்க வேண்டிய விபத்து அது.

ஹேன்ஸ் பிறகு நூற்றுக்கணக்கான மேடைகளில் இதைப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: அந்த அறையில் மொத்தம் 103 ஆண்டு விமானம் ஓட்டிய அனுபவம் இருந்தது, ஆனால் இப்படி ஒரு விமானத்தைத் தரையிறக்கிய அனுபவம் ஒரு நிமிடம்கூட யாருக்கும் இல்லை; அப்படியிருக்கும்போது மற்ற மூவரையும்விட எனக்கு மட்டும் கூடுதலாக என்ன தெரிந்திருக்கும்? நான் படித்த வரையில், அனுபவத்தின் எல்லையை இத்தனை தெளிவாகச் சொன்ன இன்னொரு தலைவரைக் கண்டதில்லை.

இதே துறை இன்னொரு வழியையும் கண்டது. 1976 முதல் நாசா நடத்தும் ஒரு திட்டத்தில் விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதி அனுப்புகிறார்கள். பெயர் நீக்கப்பட்டு அவை மற்றவர்கள் படிக்க வெளியாகின்றன. வென்றவரின் கதையைப் புத்தகமாக்கும் பழக்கத்துக்கு இது நேர் எதிர்த்திசை. முகம் தெரியாத ஒருவர் தான் தடுமாறிய இடத்தை இன்னொருவர் தடுமாறாமல் இருக்க எழுதிவைக்கிறார். வேறெந்தத் துறையிலும் இந்த அளவுக்கு நேர்மையான அறிவுரைக் களஞ்சியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மேலிருப்பவர், கீழிருப்பவர் போக மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: பக்கத்தில் இருப்பவர். ரெக் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் நிலக்கரித் துறையில் கல்விப் பொறுப்பில் இருந்தார். சுரங்க மேலாளர்களுக்குக் கல்லூரி கட்டிப் பேராசிரியர்களைக் கொண்டு பாடம் நடத்துவதைவிட, ஒரு சுரங்கத்தின் மேலாளர் இன்னொரு சுரங்கத்துக்குப் போய், அங்கிருப்பவரோடு உட்கார்ந்து அவருடைய சிக்கலைப் பேசுவது மேல் என்றார் அவர். ஆக்‌ஷன் லேர்னிங் என்று பின்னாளில் பெயர்பெற்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. ரெவன்ஸ் இரண்டைப் பிரித்துப் பார்த்தார். விடை ஏற்கெனவே எங்கோ இருக்கும் புதிர் ஒன்று. அதற்கு நிபுணர் போதும். நல்ல மனிதர்கள்கூட ஆளுக்கொரு வழி சொல்லக்கூடிய சிக்கல் இன்னொன்று. அதற்கு அதே சேற்றில் நிற்கும் இன்னொருவர்தான் வேண்டும். அவர் விடை கொடுக்க வேண்டியதில்லை, சரியான கேள்வி கேட்டால் போதும். தலைமை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இரண்டாவது வகை.

ரெவன்ஸைப் பற்றிக் கேள்விப்படாமலே நம் நாட்டுப் பெண்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1997இல் மகளிர் திட்டமாக விரிந்தன. குழுவுக்குள்ளேயே ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்புகள். அதுவரை வீட்டைத் தாண்டி எந்தப் பொறுப்பும் வகிக்காத பெண் ஒருவர், பன்னிரண்டு முதல் இருபது பேர் கொண்ட கூட்டத்தை நடத்தி, யாருக்கு உள்கடன் முதலில் என்று முடிவெடுத்து, தவணை கட்டாதவரிடம் உறவு கெடாமல் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இதை எந்தக் கையேடு சொல்லித்தரும்?

ஆந்திரத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பல ஆண்டு நடந்து முதிர்ந்த குழுக்களின் பெண்களே புதிய ஊர்களுக்குப் போனார்கள். வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகவில்லை. இரண்டு வாரம்போல அந்த ஊரிலேயே தங்கி, வீடுவீடாக நடந்து, குழு அமைத்து, கணக்கெழுதக் காட்டிக்கொடுத்தார்கள். 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தபோது இந்த முறை நாடெங்கும் எடுத்துச் செல்லப்பட்டது. தெலுங்கு பேசும் பெண்கள் பீகார்வரை போய் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார்கள். நம்மிடம் இவர்களைச் சமுதாய வளப் பயிற்றுநர் என்கிறார்கள். ஓர் அதிகாரி 'கூடிச் சேமியுங்கள்' என்றால் அது திட்டம். கந்துவட்டி கட்டியவர், வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர், நடுவில் ஒருமுறை குழு உடைந்து மறுபடி ஒட்டியவர் அதையே சொன்னால் கேட்பவருக்கு அதன் காரணம் முழுக்க விளங்குகிறது. யானிவின் ஆய்வு சொல்லும் இடைவெளி அங்கே மூடிவிடுகிறது.

பார்ப்பது மட்டுமே ஒரு கல்வியாக முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஊராட்சித் தலைவர் பதவி இருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், வளரிளம் பருவத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையே எதிர்கால ஆசைகளில் இருந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தேவிட்டது. அந்தத் தலைவர்கள் யாரும் அந்தச் சிறுமிகளுக்கு வகுப்பெடுக்கவில்லை. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், சிறுமிகள் பார்த்தார்கள்.

ஓரிடத்தில் பலித்த அனுபவத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது? ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கலிஃபோர்னிய ஆலையை 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து மறுபடி திறந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே. ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுவந்த அவர்கள் அருமையான கார்களைச் செய்தார்கள். தவறு கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம் என்பது அங்கே விதி. இதைக் கற்றுக்கொள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களை அனுப்பியது. அவர்கள் கற்றார்கள், திரும்பிப்போய் மற்ற ஆலைகளில் அதை வேரூன்றவைக்க வெகுகாலம் பிடித்தது. கயிற்றைக் கட்டுவது எளிது. கயிறு இழுக்கப்பட்டதும் திட்டாமல் ஓடிவந்து 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்கும் மேற்பார்வையாளரை உருவாக்குவதுதான் கடினம்.

அறுவை சிகிச்சைக் கூடத்திலும் இதுவே நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு வந்தது. புது தில்லி அந்த எட்டில் ஒன்று. கனடாவின் ஒன்டாரியோவில் அதே பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு 101 மருத்துவமனைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. காகிதம் ஒன்றுதான். அறுவையைத் தொடங்கும் முன் அங்கிருக்கும் அனைவரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்வது அதில் ஓர் அம்சம். ஒருமுறை வாய் திறந்தவர் தவறு கண்டால் மறுபடி வாய் திறப்பார் என்பது அதன் நோக்கம். மேலிருந்து வந்த உத்தரவாகக் கட்டங்களில் டிக் அடித்து முடித்தால் அந்த நோக்கம் வெளியே நின்றுவிடும் என்றே நான் நினைக்கிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தலைமை பற்றிய அறிவுரைகளில் மிகப் பெரும்பாலானவை, உட்கார நாற்காலி இருப்பவர்கள் நாற்காலி இருப்பவர்களுக்குச் சொல்பவை. 1996இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று உடன் வந்த ஐவரோடு பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006வரை பத்தாண்டுகள் தேர்தலையே முறையாக நடத்த முடியவில்லை. அந்தத் தலைவர்களிடம் 'குழுவின் நம்பிக்கையைப் பெறுங்கள்' என்று எந்த நூல் சொல்லும்? அதே 1996இல் சென்னைக்கு அருகே குத்தம்பாக்கத்தில் தலைவரான இளங்கோ, தாம் கற்றதை மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குக் கொண்டுபோகப் பஞ்சாயத்து அகாடமியைத் தொடங்கினார். தலைவர்களே தலைவர்களுக்குக் கற்றுத்தரும் அந்த முயற்சி, எதிர்ப்புக்கு நடுவே தலைமை தாங்கியவரிடமிருந்து வந்தது என்பதாலேயே மதிப்புடையது.

கடைசியாக ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்கள் முன் போய்ப் பழியை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது கலாமை அனுப்பிப் பேசவைத்தார். கலாம் எண்ணற்ற மேடைகளில் சொன்ன இந்த நிகழ்ச்சியை இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்கிறார்கள். சொல்லத் தகுந்ததுதான், என் மனத்தையும் ஒவ்வொரு முறையும் தொடுகிறது. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கு நடுவே இருந்த பதினொரு மாதங்களைச் சொல்வோர் குறைவு. தோல்வியை ஆராய்ந்தவர்கள், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்றதால் அமிலம் கசிந்து போனதைக் கண்டார்கள். ஏவுவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று கணினி காட்டியதையும், நிபுணர்களோடு பேசிவிட்டுத் தாமே தொடர்ந்து ஏவ முடிவெடுத்ததையும் கலாம் மறைக்கவில்லை. தம் முடிவு எங்கே பிசகியது என்று அவர் சொல்ல முடிந்ததற்கு, தவான் தம் உடம்பால் மறைத்துக் கொடுத்த அந்த நிழல்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அந்த மேடைக் கதையில் நாம் கற்க வேண்டியது பாதி அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் முதன்முறையாகத் தலைவர் நாற்காலியில் உட்காருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். சட்டம், நிதி, கணக்கு பற்றி அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அதோடு பதவி முடிந்து இறங்கும் பழைய தலைவர்களில் சிலரையும் அழைத்து எதிரே உட்காரவைக்க வேண்டும். சாதித்ததைச் சொல்ல அவர்களுக்கு வேறு மேடைகள் இருக்கின்றன. எந்தத் தீர்மானத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம், கிராம சபையில் கேள்வி கேட்டவரை எப்போது உட்காரச் சொல்லி அடக்கினோம், எந்த ஒப்பந்தக்காரரிடம் ஏமாந்தோம், எந்தத் தெருவுக்குக் கடைசிவரை தண்ணீர் கொண்டுபோக முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை அவர்கள் சொல்லட்டும். அதிகாரிகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். புதியவர்கள் கேட்கட்டும்.